மார்ட்டின் ஷெரிடன்: அயர்லாந்திலிருந்து வந்த வட்டெறி வீரர்

அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த தொடக்ககாலத் தடகள வீரர்களுள் தலைசிறந்தவர் யார் என்று கேட்டால், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்துப் பொஹோலா சிற்றூரில் 1881-இல் பிறந்த மார்ட்டின் ஷெரிடனையே தயங்காமல் சொல்வேன். இளம் வயதிலேயே நியூயார்க் வந்து, பின்னர் அந்நகரக் காவல்துறையில் பணியாற்றிய அவர், 1904, 1906, 1908 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஒலிம்பிக் வட்டெறிதலில் தங்கம் வென்றார். (1906 ஏதென்ஸ் போட்டிக்கு இன்று ஒலிம்பிக் தகுதி அளிக்கப்படுவதில்லை, அது எனக்கு வருத்தமே.) 1904-இல் செயின்ட் லூயிஸில் நடந்த போட்டியில் அவரும், உருவத்தில் மிகப் பெரியவரான ரால்ஃப் ரோஸும் சரியாக 39.28 மீட்டர் எறிந்து சமநிலையில் நின்றதால், இருவரும் மீண்டும் எறிய வேண்டியதாயிற்று, அதில் 38.97 மீட்டர் எறிந்து ஷெரிடன் முந்தினார். 1918 மார்ச் 27 அன்று, தமது 37-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், நிமோனியாவால் நியூயார்க்கில் காலமானார்.