காகிதக்கூழ்க் கிண்ணம் ஏன் வெடிக்கிறது?

வணக்கம்.

கோடை லீவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டில்தான் இருக்கிறார்கள். பெரியவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஆறு. செல்போனை வாங்கி வைத்துவிட்டு, பழைய பேப்பரில் கூடை செய்யலாம் என்று உட்கார்ந்தோம். ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் செய்தேன். பேப்பரை ஒரு வாரம் வாளியில் ஊறப்போட்டு, மிக்ஸியில் அரைத்து, மைதா பசை காய்ச்சிச் சேர்த்தேன். பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து, மேலே பாலிதீன் கவரைப் போட்டு அப்பி, மொட்டைமாடி வெயிலில் வைத்தோம். மறுநாள் மதியமே விளிம்பிலிருந்து அடிவரை நாலு இடத்தில் வெடிப்பு. கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் ஒரே ஈரம். இரண்டு நாளில் கறுப்புக் கறுப்பாகப் பூசணம். நாற்றம் தாங்காமல் குப்பையில் போட்டுவிட்டோம். சின்னவள் அழுதேவிட்டாள்.

எங்கள் அம்மாச்சி இதே பேப்பரில் வெந்தயம் சேர்த்து ஆட்டி, பானைமேல் அப்பிக் கூடை செய்வார்கள், சொளகும் மெழுகுவார்கள். அது வெடித்து நான் பார்த்ததில்லை. வெந்தயம் போட்டால் சரியாகிவிடுமா? எவ்வளவு போட வேண்டும்? லீவு முடிவதற்குள் இன்னொரு தடவை செய்து பார்க்க ஆசை.

ம., திருநகர், மதுரை

அன்புள்ள ம.,

வெந்தயம் போடுங்கள். ஆனால் உங்கள் கூடை வெடித்தது வெந்தயம் இல்லாததால் அல்ல, குடத்துக்கு வெளியே அப்பியதால்.

கையால் ஒட்டப் பிழிந்த பிறகும் கூழில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அது வற்ற வற்றக் கூழ் சுருங்கும், குடம் சுருங்காது. சுருங்க இடமில்லாத கூழ் குடத்தை இறுக்கிப் பிடித்து, எங்கே மெலிசாக இருக்கிறதோ அங்கே பிளந்துகொள்கிறது. விளிம்புதான் எப்போதும் மெலிசு. அதனால்தான் வெடிப்பு விளிம்பில் தொடங்கி அடிக்கு இறங்கியிருக்கிறது. அதே கூழைப் பாத்திரத்துக்கு உள்ளே அப்பினால், சுருங்கும்போது பாத்திரத்தை விட்டுத் தானே விலகும். விளாச்சேரி உங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே கொலு பொம்மை செய்கிறவர்கள் அச்சுக்கு உள்ளே வைத்து அழுத்துவதைப் போய்ப் பாருங்கள். முன்பாதி, பின்பாதி என்று தனித்தனியாக எடுத்துப் பிறகு ஒட்டுவார்கள். சுருங்குகிற பொருளுக்கு உள்பக்கம்தான் தோது.

அப்படியானால் அம்மாச்சி பானைமேல் அப்பியது எப்படி நின்றது என்று கேட்பீர்கள். நனைத்த துணியை விரித்து அதன்மேல் அப்புவார்கள். கூழ் முக்கால் பதம் காய்வதற்குள் பானையை உருவிவிடுவார்கள். சுருக்கத்தில் பெரும்பங்கு அதற்குப் பிறகு, தடையில்லாமல் நடக்கும். நீங்கள் செய்ததில் இரண்டு கெடுதல். குடத்தை உருவ நினைக்கும் முன்பே வெயில் வெளிப்பக்கத்தை இறுக்கிவிட்டது, உள்பக்க ஈரத்துக்கோ பாலிதீனைத் தாண்டி வெளியேற வழி கிடையாது. போதாக்குறைக்கு மைதா. ஈரமும் மாவும் வெக்கையும் சேர்ந்த இடத்தில் பூசணம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஒரு வாரம் ஊறப்போட்டதும் வேண்டாத வேலை. மதுரை வெயிலுக்கு மாற்றாத தண்ணீர் இரண்டாம் நாளே புளித்துவிடும். நாற்றம் வாளியிலேயே தொடங்கிவிட்டது.

இனி அளவு. செய்தித்தாள் கால் கிலோ, வெந்தயம் 50 கிராம், மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி. 15 செ.மீ. வாயுள்ள கிண்ணம் நாலைந்து வரும். பளபளவென்றிருக்கும் வாரஇதழ்த் தாள் வேண்டாம். அதன்மேல் பூச்சு இருப்பதால் சரியாக ஊறாது, அரைத்தாலும் துணுக்குத் துணுக்காக நிற்கும். முட்டை அட்டை கிடைத்தால் இன்னும் நல்லது, அது ஏற்கெனவே கூழிலிருந்து வந்த சரக்குதானே. ஆனால் முட்டை உடைந்து ஒழுகிய அட்டையைத் தொடாதீர்கள், சுத்தமானதையும் பத்து நிமிடம் கொதிக்கவைத்த பிறகே பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

கிழிக்கிற வேலை சின்னவளுக்கு. கட்டைவிரல் நகத்தளவு கிழித்தால் போதும். ஒன்றைக் காட்டுங்கள்: பெரிய செய்தித்தாளை மேலிருந்து கீழே கிழித்தால் ரிப்பன்போல நேராக வரும், குறுக்கே கிழித்தால் எவ்வளவு கவனமாகக் கிழித்தாலும் கோணிக்கொண்டு போகும். தாளுக்குள் நார் ஒரே திசையில் ஓடுவதுதான் காரணம். ஆறு வயதுக்கு இது அரைமணி நேர விளையாட்டு.

கிழித்ததில் கொதிநீரை ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள், காலையில் தண்ணீரை மாற்றி இன்னொரு பகல். அவ்வளவுதான், அதற்குமேல் வேண்டாம். வெந்தயத்தையும் முதல்நாள் ராத்திரியே ஊறப்போட்டு, நுரைத்துப் பொங்கிவரும்வரை தனியாக ஆட்டி எடுங்கள். அந்தக் கொழகொழப்புதான் பசை. அதன் கசப்புக்கு ராமபாணப் பூச்சியும் சுலபத்தில் கிட்டே வராது. காகிதத்தை மிக்ஸியில் அரைப்பதானால் ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி காகிதம், ஜாரில் முக்கால் அளவு தண்ணீர், பத்துப் பத்து நொடியாக விட்டுவிட்டு ஓட்டுங்கள். தண்ணீர் குறைந்தால் நார் பிளேடைச் சுற்றிக்கொண்டு மோட்டார் புகையும். கிரைண்டர் இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

பிழிவதில்தான் பாதி வேலை. துணியில் கட்டி, முறுக்கி, மேலே ஒரு குடம் தண்ணீரைப் பாரமாக ஏற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். வெந்தய விழுதும் மஞ்சளும் சேர்த்துச் சப்பாத்தி மாவுபோலப் பிசைந்து, ஓர் உருண்டையை உள்ளங்கையில் வைத்துத் தட்டையாக்குங்கள். ஓரம் வெடித்தால் பிசைந்தது பத்தாது. விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் பிழிந்தது பத்தாது.

வாய் அகன்று, பக்கம் சரிவாக இருக்கும் எவர்சில்வர் கிண்ணமாக எடுங்கள். செங்குத்தான டப்பாவில் கூழ் வழுக்கி அடியில் சேரும். உள்ளே எண்ணெய் தடவி, அடியிலிருந்து மேலே ஏற்றிக்கொண்டு வாருங்கள். அப்புகிற வேலை பெரியவனுக்கு. கனம் 6 மி.மீ. ஓர் ஈர்க்குச்சியில் அந்த அளவுக்குப் பேனாக் கோடு போட்டுக் கொடுத்து, அங்கங்கே குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்த இடம் மெலிசு. விளிம்பில் மட்டும் விரல் மொத்தத்துக்குக் கயிறுபோல உருட்டி வைத்து ஒட்டிவிட வேண்டும். கடைசியில் பழைய பனியன் துணியை ஒற்றி ஒற்றி எடுங்கள், மேல்தண்ணீர் துணிக்குப் போய்விடும்.

முதல்நாள் முழுக்க வீட்டுக்குள், மின்விசிறிக் காற்றில். வெயிலே கூடாது. அக்கினி நட்சத்திர வெயிலில் மேல்தோல் இரண்டு மணி நேரத்தில் இறுகிவிடும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். மறுநாள் காலையில் விளிம்பில் நூலளவு இடைவெளி தெரியும். அப்போது கவிழ்த்து, பின்பக்கம் லேசாகத் தட்டினால் கழன்றுவிடும். கழன்றதும் அதைக் கம்பி வலைமேலோ சொளகின்மேலோ கவிழ்த்து வைத்து, இன்னொரு பகல் நிழல். மூன்றாம் நாளிலிருந்து வெயில்.

காய்ந்துவிட்டதா என்பதைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சமையல் தராசில் இன்று எடை போட்டு எழுதி வைத்து, நாளை அதே நேரத்தில் மறுபடி போடுங்கள். ஒரு கிராம்கூடக் குறையவில்லை என்றால் காய்ந்தது. தராசு இல்லாவிட்டால் சுண்டிப் பாருங்கள்: ஈரம் இருந்தால் ‘மொத்’தென்று கேட்கும், காய்ந்திருந்தால் ‘டொக்’கென்று கேட்கும். கோடையில் நாலைந்து நாள் ஆகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

மயிரிழை வெடிப்பு ஒன்றிரண்டு வரத்தான் செய்யும். மிச்சக் கூழை வெந்தய விழுதோடு குழைத்து, வெடிப்பின் ஓரங்களை முதலில் நனைத்துவிட்டு அடையுங்கள். காய்ந்த ஓரத்தில் ஈரக்கூழ் ஒட்டாது.

வண்ணம் பூசும் முன் ஒரு பங்கு ஃபெவிகாலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து உள்ளும் புறமும் ஒரு கோட்டிங் கொடுங்கள். கொடுக்காவிட்டால் கூழ் வண்ணத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், டப்பாதான் காலியாகும். என்னைக் கேட்டால் மினுமினுப்பு, கண்ணாடிச் சில்லு எதுவும் வேண்டாம். காவிப்பொடியில் ஃபெவிகால் கலந்து கிண்ணம் முழுக்கப் பூசி, அதன்மேல் வெள்ளையில் நேர்ப்புள்ளி மூன்று வைத்துச் சிக்குக்கோலம் போட்டால் போதும். கூழின் சொரசொரப்பு அந்தக் காவிக்குப் பொருந்துகிற மாதிரி வேறெதற்கும் பொருந்தாது.

இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். போஸ்டர் ஒட்டும் பசையில் போடுவது வழக்கம்தான், ஆனால் அது விஷம். பிள்ளைகள் கை வைத்துப் பிசைகிற கூழில் கூடாது. இன்னொன்று, இந்தக் கிண்ணத்தில் முறுக்கு, வடை வைக்காதீர்கள். அம்மாச்சி காலத்தில் அரிசி, பருப்பு போட்டு வைத்தார்கள் என்பது உண்மை. அச்சு மை உணவில் சேரும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே செய்தித்தாளில் உணவைப் பொதிய வேண்டாம் என்றது. எண்ணெய்ப் பண்டத்தில் மை இன்னும் வேகமாக இறங்கும். பென்சில், வளையல், சாவி, தோல் உரிக்காத பூண்டு, இதற்கெல்லாம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு நாள் காத்திருக்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை இராது. கூழில் ஒரு கைப்பிடியை ஒதுக்கி வையுங்கள். அதைப் பழைய வளையலுக்குள் மெல்லிசாக அப்பி, ஓரத்தில் ஈர்க்குச்சியால் ஒரு துளை போட்டால் மறுநாளே காய்ந்து கழன்றுவிடும். நூல் கோத்து நிலைப்படியில் தோரணமாகக் கட்டலாம்.

இந்த முறையும் ஏதாவது ஒன்று வெடித்தால் குப்பையில் போடாதீர்கள். பூசணம் பிடிக்காமல், வண்ணம் பூசாமல் இருந்தால், உடைத்து ஊறப்போட்டு மறுபடி அரைத்துக்கொள்ளலாம். வெந்தயம் மட்டும் பாதியளவு புதிதாகச் சேருங்கள்.