பிள்ளை பெற்ற உடம்பு: கேட்டவையும் பதில்களும்

பிரசவத்துக்குப் பிறகான உடம்பைப் பற்றிக் கூச்சமில்லாமல் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் பெண்கள் நலப் பிசியோதெரபிஸ்ட். தசை, எலும்பு, அசைவு என் துறை. மருந்து, மாத்திரை பற்றிய கேள்விகளை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

திருச்சி: பாப்பாவுக்கு 2 மாதம். இன்னும் ஆறு மாதக் கர்ப்பிணி மாதிரி இருக்கிறேன். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள் அக்கா. அழுகையாக வருகிறது. வயிறு எப்போது குறையும்?

பதில்: முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிரசவம் முடிந்த கையோடு கர்ப்பப்பை ஏறத்தாழ 1 கிலோ இருக்கும். 6 வாரத்தில் அது 100 கிராமுக்கும் கீழே சுருங்கிவிடும். இவ்வளவு வேலையை உடம்பு யாருக்கும் சொல்லாமல் செய்து முடித்திருக்கிறது.

அதன் பிறகும் வயிறு தள்ளித் தெரிந்தால் அதெல்லாம் கொழுப்பு இல்லை. வயிற்றின் நடுவே இரண்டு பக்கத் தசைகளையும் இணைக்கிற பட்டை கர்ப்பத்தில் இழுபட்டு அகலமாகிவிடும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலேயும் கீழேயும் விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் அகலமாக இருந்தால் தசை இன்னும் கூடவில்லை. பெரும்பாலும் தானாகக் கூடிவரும், இல்லாவிட்டால் பயிற்சி இருக்கிறது. அதுவரை மல்லாந்து படுத்து எழும் தொப்பைப் பயிற்சிகள் வேண்டாம். படுக்கையிலிருந்து பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழுந்திருங்கள்.

தேதி கேட்டால் என்னால் தர முடியாது. பழைய அளவு ரவிக்கையை அலமாரியில் கண் படும் இடத்தில் வைக்காதீர்கள். இப்போதைய உடம்புக்கு அளவெடுத்து இரண்டு தைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை இன்று பலமுறை சொல்வேன். இருமும்போது, தும்மும்போது சிறுநீர் கசிந்தால் 'பிள்ளை பெத்தா அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள்.

கரூர்: ஸ்ட்ரெட்ச் மார்க் போக எந்த க்ரீம் நல்லது?

பதில்: முழுதாகப் போக்கும் க்ரீம் எதுவும் இல்லை. சிவப்பு நாளடைவில் வெளுத்து மங்கும். அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் போதும்.

சேலம்: 3 மாதம் ஆகிறது, வயிறு எப்போது குறையும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

நாகர்கோவில்: நான் பாட்டி. மகளுக்குப் பிரசவம் ஆகி 20 நாள். வயிற்றில் சேலை கட்ட விடமாட்டேன் என்கிறாள். எனக்கு என் அம்மா இறுக்கிக் கட்டினார், வயிறு உள்ளே போனது. நீங்களாவது சொல்லுங்கள்.

பதில்: அம்மா, உங்கள் வயிறு உள்ளே போனதற்குக் கர்ப்பப்பை தானாகச் சுருங்கியதுதான் காரணம். பால் கொடுக்கும்போது அது இன்னும் நன்றாகச் சுருங்கும், சேலைக்கு அதில் பங்கில்லை. இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழே இறங்கி, ஏற்கெனவே தளர்ந்திருக்கிற இடுப்படித் தசையில், அதாவது சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்குகிற தசையில், விழும். சிசேரியன் ஆனவர்களுக்கு முதல் சில நாட்கள் இறுக்காமல் துணி கட்டுவது, இருமும்போதும் நடக்கும்போதும் வலியைக் குறைக்கும். அது சரி. மூச்சு முட்டக் கட்டுவது வேண்டாம்.

நாகர்கோவில்: அப்போ எங்கள் காலத்தில் செய்ததெல்லாம் தப்பா?

சென்னை (இடையில்): பாட்டி, என் மாமியார் கட்டச் சொன்னார், நான் கட்டவில்லை. பையனுக்கு இப்போது 3 வயது. ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் "அன்னைக்கே கட்டியிருந்தா இப்படித் தொங்குமா" என்கிறார். நானும் அதை நம்பிவிட்டேன். சேலை உடுத்துவதையே விட்டுவிட்டேன்.

பதில்: இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பாட்டி, எல்லாம் தப்பில்லை. வீட்டு வேலையிலிருந்து விலக்கி, வெந்நீர் ஊற்றி, பூண்டும் கருவாடும் ஆக்கிப் போட்டு, பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொண்டு அவளைத் தூங்க வைத்தீர்களே, அந்தப் பராமரிப்புக்கு ஈடாக எங்களிடம் ஒன்றும் இல்லை. அதை விடாதீர்கள். தண்ணீரைக் குறைப்பதையும் இறுக்கிக் கட்டுவதையும் மட்டும் விட்டுவிடுங்கள்.

சென்னைத் தங்கைக்கு: நீங்கள் கட்டாததால் எதுவும் தொங்கவில்லை. தோல் எவ்வளவு இழுபட்டது, உங்கள் பரம்பரை உடல்வாகு, எத்தனை கர்ப்பம் என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. இதில் உங்கள் குற்றம் ஒரு துளியும் இல்லை. என்னிடம் வருகிற பெண்களில் பலர் வலியைவிட இந்தப் பழியைத்தான் அதிகம் சுமந்து வருகிறார்கள். உடம்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். மூன்று வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி ஏற முடிகிறதா? முதுகு வலிக்கிறதா? வலித்தால் சரிசெய்யலாம், வாருங்கள். வடிவத்துக்கு யாருக்கும் நீங்கள் விளக்கம் தர வேண்டியதில்லை. அடுத்த கல்யாணத்துக்குச் சேலை கட்டிக்கொண்டு போங்கள்.

வேலூர்: வயிறு குறைய பெல்ட் போடலாமா? எத்தனை மாதத்தில் குறையும்?

பதில்: இரண்டுக்கும் மேலே பதில் இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

தஞ்சாவூர்: கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது.

பதில்: கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடி, பிரசவத்துக்கு 3 மாதம் கழித்து மொத்தமாக உதிரும். ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். அதன் பிறகும் கொட்டினால் இரத்தச் சோகைக்கும் தைராய்டுக்கும் டெஸ்ட் எடுங்கள்.

மதுரை: தாய்ப்பால் கொடுத்தால் மார்பு தளருமாமே?

பதில்: தளர்வுக்குக் காரணம் கர்ப்பமும் வயதும். பால் கொடுங்கள்.

ஈரோடு: வேறு கேள்வி கேட்க வந்தேன். நீங்கள் சொன்னதால் இதைக் கேட்கிறேன். தும்மினால் கசிகிறது. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

பதில்: கேட்டது எனக்கு அவ்வளவு சந்தோஷம். காற்றுப் பிரிவதை அடக்குவது போல இடுப்படித் தசையை உள்ளே இழுத்து, 5 எண்ணும்வரை பிடித்து, முழுதாகத் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 10 முறை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்காதீர்கள், வயிற்றையும் தொடையையும் இறுக்காதீர்கள். சிறுநீர் கழிக்கும்போது செய்து பழக வேண்டாம். குறைந்தது 3 மாதம் விடாமல் செய்யுங்கள். கீழே ஏதோ இறங்கி வருவது போல் இருந்தால் காத்திருக்காமல் மகப்பேறு டாக்டரைப் பாருங்கள்.

கோவை: நான் கணவன். பாப்பா பிறந்து 5 வாரம். மனைவி கண்ணாடி பார்ப்பதில்லை, போட்டோவுக்கு நிற்பதில்லை. "அழகாத்தான் இருக்கே" என்றால் கோபப்படுகிறாள். என்ன சொல்லட்டும்?

பதில்: தம்பி, சொல்வதைக் குறைத்து இரவில் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்காத பெண்ணுக்கு எந்தப் பாராட்டும் காதில் ஏறாது. பார்க்க வருகிறவர்கள் "ஊதிட்டியே" என்று ஆரம்பித்தால் அவளுக்கு முன்னால் நீங்கள் பதில் சொல்லி நிறுத்துங்கள். அவளிடம் வலிக்கிறதா, சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிரசவம் ஆன முதல் இரண்டு வாரத்து அழுகை பெரும்பாலும் தானாக அடங்கும். உங்கள் மனைவிக்கு அது தாண்டிவிட்டது. எதிலும் விருப்பமில்லாமல் இருப்பது, பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராதது, 'நான் நல்ல அம்மா இல்லை' என்ற பேச்சு இருந்தால் இது அழகு பற்றிய கவலை மட்டும் இல்லை, மருத்துவ உதவி தேவை. இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ், 14416, எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்வது போலப் பேசினால் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.