எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள் என்று கேட்டால்... (வாசகர் கேள்வி பதில்)

விடுமுறை நெருங்குகிறது என்பது உங்கள் கடிதங்களிலேயே தெரிகிறது. கைக்குழந்தையோடு காரில் சொந்தபந்தங்களைப் பார்க்கப் போவது பற்றித்தான் இந்த முறை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள்.

என் மகளுக்கு 7 மாதம். கணவரின் பாட்டி வீட்டில் குடும்பம் மொத்தமும் கூடுகிறது. காரில் 10 மணி நேரம். இதுவரை அவளை ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் கூட்டிப்போனதே இல்லை. விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று கணவர் முடிவு செய்து, மாமியாரிடமும் சொல்லிவிட்டார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

முதலில் மாமியாருக்கு ஒரு போன் போட்டு அந்த மதியச் சாப்பாட்டைக் கேன்சல் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் இல்லை, உங்கள் கணவர். சொன்னவர்தானே மாற்றிச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

மேப்பில் காட்டுகிற 10 மணி நேரம் எங்கேயும் நிற்காமல் ஓட்டுகிறவருக்கு. குழந்தையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கார் சீட்டிலிருந்து (காரின் இருக்கை மேல் குழந்தைக்கென்று மாட்டுகிற, வார் வைத்த தனி இருக்கை) வெளியே எடுத்தாக வேண்டும், ஒவ்வொரு முறையும் அரை மணி முதல் முக்கால் மணி வரை போய்விடும். பாதி சாய்ந்து உட்கார்ந்த நிலையில் தலை முன்னால் தொங்கினால் மூச்சுப் பாதை ஒடுங்கும், அதனால்தான் மருத்துவர்களும் சீட் தயாரிப்பவர்களும் இந்த இரண்டு மணி நேரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பிறந்து சில வாரமே ஆன குழந்தை என்றால் அரை மணி நேரமே அதிகம். உங்கள் கணக்குக்கு வருவோம். நான்கு நிறுத்தம், ஒவ்வொன்றும் முக்கால் மணி, அது 3 மணி நேரம். ஆக 13 மணி நேரம். 4 மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் 5 மணி, அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். இடையில் ஓர் இரவு தங்கி இரண்டு நாளாகப் போக முடியும் என்றால் யோசிக்காமல் அதைச் செய்யுங்கள்.

நான் ஏன் நேரத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், குழந்தையோடு போகும் பயணத்தில் நடக்கிற முட்டாள்தனங்களில் பெரும்பாலானவை 'இத்தனை மணிக்கு வந்துவிடுவோம்' என்று கொடுத்த வாக்கிலிருந்துதான் பிறக்கின்றன. அழுகிற குழந்தையை ஓடுகிற வண்டியில் பெல்ட்டைக் கழற்றி மடியில் எடுப்பது, நிறுத்தாமலேயே பால் கொடுப்பது, 'இன்னும் 40 நிமிடம்தானே' என்று கண் சொருகச் சொருக ஓட்டுவது, எல்லாம் அங்கே இலை போட்டுக் காத்திருக்கிறார்களே என்ற பதற்றத்தில்தான். "ராத்திரிக்குள் வந்துவிடுவோம், எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள்" என்று மட்டும் சொல்லி வையுங்கள். நடுவில் போன் செய்து "எங்கே வந்துக்கிட்டிருக்கீங்க" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் பின் சீட்டில் இருக்கிறவருக்குத்தான், ஓட்டுகிறவருக்கு இல்லை.

நிறுத்தம் என்றால் பெரியவர்கள் கால் நீட்டுகிற நிறுத்தம் இல்லை. குழந்தையை வெளியே எடுத்து, நிழலான இடத்தில் ஒரு விரிப்பைப் போட்டு மல்லாக்கப் படுக்க வையுங்கள். 7 மாதம் என்றால் அவளே புரண்டு குப்புற விழுவாள், விடுங்கள், இரண்டு மணி நேரமாகக் கட்டிப்போட்ட உடம்பு. பால், டயப்பர் எல்லாம் இந்த நேரத்தில்தான். சரியாக நிறுத்த வேண்டிய நேரத்தில் அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தால்? பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தலை நேராக இருக்கிறதா, தாடை நெஞ்சில் படாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தால் கொஞ்சம் தள்ளிப் போடலாம். ஆனால் அந்தக் 'கொஞ்சம்' ஒரு மணி நேரமாகிவிடும், அதுதான் வழக்கம், அதனால் போனில் அலாரம் வையுங்கள்.

மூட்டை கட்டுவதில் ஒரே ஒரு விஷயம். டயப்பர் பையை டிக்கியில் எல்லாப் பெட்டிக்கும் அடியில் வைத்துவிட்டு, ரோட்டோரத்தில் ஒவ்வொன்றாக இறக்கி வைத்துத் தேடுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு சின்னப் பை என்று தனித்தனியாகக் கட்டுங்கள்: இரண்டு டயப்பர், வைப்ஸ், அவளுக்கு ஒரு செட் துணி, ஈரத் துணியைப் போட ஒரு பிளாஸ்டிக் கவர். உங்களுக்கும் ஒரு மேல்துணி. சாய்ந்து உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு டயப்பர் கசிந்தால் அது முதுகு வழியாகக் கழுத்து வரை ஏறும், தூக்கிய உடனே உங்கள் தோளில் இருக்கும். கார் சீட்டின் துணி உறையை எப்படிக் கழற்றுவது, எப்படித் திரும்ப மாட்டுவது என்று வீட்டிலேயே ஒருமுறை செய்து பார்த்துக்கொள்ளுங்கள். முதல்முறையாக அதைச் செய்து பார்க்கிற இடம் நெடுஞ்சாலையாக இருக்க வேண்டாம்.

வெயில் பட்டால் கண்ணாடியில் ஒட்டுகிற மெல்லிய திரை போதும். கார் சீட்டின் மேலேயே துணியைப் போட்டு மூடாதீர்கள், உள்ளே காற்றோட்டம் நின்று புழுங்கும். சூடாக இருக்கிறாளா என்று பார்க்கக் கையைத் தொடாதீர்கள், பிடரியில் விரல் வைத்துப் பாருங்கள், அங்கே வேர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்ற வேண்டும் என்று அர்த்தம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒரு முறை அவளை இரண்டு மணி நேரம் காரில் சும்மா கூட்டிப்போய்ப் பாருங்கள். எந்த நேரத்தில் தூங்குகிறாள், எதற்கு அழுகிறாள் என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

கார் சீட்டில் போட்டால் என் மகன் அலறுகிறான், என் அம்மா மடியில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தூங்கிவிடுகிறான். "உங்களையெல்லாம் மடியில் வைத்துத்தானே கூட்டிக்கிட்டுப் போனோம், என்ன ஆயிடுச்சு" என்கிறார். வயதானவரிடம் எப்படி வாதாடுவது?

வாதாடாமல் ஒரு கணக்கு சொல்லுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலோ மோதி முக்கால் மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் 8 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 150 கிலோ எடையைத் தூக்குகிற பலம் கையில் வேண்டும். அம்மாவின் பாசத்தில் குறை இல்லை, கைக்கு அந்தச் சக்தி யாருக்குமே கிடையாது. ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போடுவது அதைவிட மோசம், பெரியவரின் முழு எடையும் குழந்தையைப் பெல்ட்டோடு வைத்து நசுக்கும். 1 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விபத்தில் இறப்பதைச் சரியாக மாட்டிய கார் சீட் 71 சதவீதம் குறைக்கிறது என்று அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்டிருக்கிறது.

அந்தச் சீட் பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். கைக்குழந்தையின் தலை உடம்புக்குப் பெரியது, கழுத்து மெல்லியது. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் மோதலின் வேகத்தை முதுகு முழுக்கப் பங்கிட்டு வாங்கும், முன்பக்கம் பார்த்திருந்தால் கழுத்து தனியாக வாங்கும். 1 வயது ஆனதும் திருப்பிவிடலாம் என்று சிலர் அவசரப்படுகிறார்கள், சீட்டில் எழுதியிருக்கிற எடை, உயர அளவு வரை திருப்ப வேண்டியதே இல்லை. ஏர்பேக் வேலை செய்கிற முன் சீட்டில் இப்படிப் பின்பக்கம் பார்க்கும் சீட்டை ஒருபோதும் மாட்டாதீர்கள், ஏர்பேக் விரியும் வேகத்தில் அடி நேராகக் குழந்தையின் தலைப்பக்கம்தான் விழும்.

மாட்டியது சரியா என்று பார்க்க: சீட்டைக் காரின் பெல்ட் நுழைகிற இடத்தில் பிடித்து ஆட்டுங்கள், 2.5 சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. வார் குழந்தையின் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழேயோ இருந்து கிளம்ப வேண்டும். தோள்பட்டை அருகே வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு கையில் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். தடித்த ஸ்வெட்டரைப் போட்டு அதன் மேல் வாரை மாட்டினால் இறுக்கமாக இருப்பது போலத் தோன்றும், மோதலில் அந்தத் துணி அமுங்கி வார் தொளதொளத்துவிடும். குளிராக இருந்தால் வாரை மாட்டிய பிறகு மேலே போர்த்துங்கள்.

அம்மாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். பேரனுக்குப் பக்கத்து சீட்டு அவருடையது, பாட்டும் பேச்சும் அவருடையது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதலில் தூக்குகிற உரிமையும் அவருடையதே.

ராத்திரியில் ஓட்டினால் குழந்தை தூங்கிக்கொண்டே வந்துவிடும் என்கிறார் என் தம்பி. சரிதானா?

குழந்தை தூங்கும். பிரச்சினை உங்கள் தம்பிக்கு. இரவு 2 மணியிலிருந்து விடியும் வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரி சாவியை எடுப்பவர் அந்த நிலையில்தான் கிளம்புகிறார். பின் சீட்டில் இருப்பவரும் தூங்கிவிடுவார், குழந்தையின் தலை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆள் இருக்காது. இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை: காலையில் போய் இறங்கும்போது குழந்தை முழுத் தூக்கம் தூங்கி எழுந்து விளையாடத் தயாராக இருக்கும், நீங்கள் இருவரும் பிணம் மாதிரி இருப்பீர்கள். ராத்திரி தூங்கிவிட்டு விடிந்ததும் கிளம்புங்கள். பகலிலும் தூக்கம் வந்தால் பாட்டைச் சத்தமாக வைப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது, நிறுத்திவிட்டு 20 நிமிடம் கண்ணை மூடுங்கள்.

தாய்ப்பாலைப் பிழிந்து எடுத்துப் போகலாமா? பவுடர் பாலைக் கலந்தே எடுத்துக்கொள்ளலாமா?

தாய்ப்பால் 25 டிகிரி வரையுள்ள அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும், ஐஸ் பேக் வைத்த பெட்டியில் 24 மணி நேரம். வெயிலில் நிற்கிற கார் அறை வெப்பம் இல்லை என்பதை மறக்க வேண்டாம். பவுடர் பாலை முன்கூட்டியே கலக்க வேண்டாம். கலந்த 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், குழந்தை வாய் வைத்த பாட்டில் என்றால் 1 மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பவுடரை ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று அளந்து வைத்துக்கொண்டு, கொதித்த நீரை ஃபிளாஸ்க்கில் தனியாக எடுத்துப் போங்கள். 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் தண்ணீர் தர வேண்டாம், பாலை அடிக்கடி கொடுங்கள். ஒரு நாளைக்கு ஆறு டயப்பராவது நன்றாக நனைந்தால் நீர்ச்சத்து போதும் என்று தைரியமாக இருக்கலாம்.

வழியில் கழிப்பறைக்கு இறங்கும்போது, தூங்குகிற குழந்தையைக் காரிலேயே விட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாமா? கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத்தான்.

கூடாது. பெரியவர் ஒருவர் காரில் இருந்தால் மட்டும் சரி. மூடிய கார் வெயிலில் 10 நிமிடத்தில் ஏறக்குறைய 10 டிகிரி ஏறும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குவதால் பெரிய வித்தியாசம் இல்லை, குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடாகும்.

9 மாத மகன், போய் இறங்கியதும் என் அப்பா ஆசையாகத் தூக்கப் போனால் வீடே அதிர அழுகிறான். அப்பா முகம் வாடிவிட்டது. கூடவே அத்தைகள் சித்திகள் எல்லோரும் மாற்றி மாற்றி முத்தம் வேறு.

6 முதல் 8 மாதத்தில் பழகிய முகம், பழகாத முகம் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்குகிறது குழந்தை. இது வளர்ச்சி, தாத்தா மேல் வெறுப்பு இல்லை. அவரிடம் இதைச் சொல்லிவிட்டு ஒரு உபாயமும் சொல்லுங்கள்: மகன் உங்கள் மடியிலேயே இருக்கட்டும், தாத்தா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவனைப் பார்க்காமல் ஒரு டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கட்டும். அவனைப் பார்க்காமல் இருப்பதுதான் முக்கியம், தாத்தாக்களுக்கு அதுதான் கஷ்டம். கால் மணியோ அரை மணியோ, டப்பாவுக்காகவாவது அவனே கை நீட்டுவான்.

முத்தத்துக்கு நான் கறார்தான். உதட்டில் கொப்புளம் இருப்பவர், இருமல் சளி இருப்பவர் யாரானாலும் கிட்டே வர வேண்டாம். உதட்டுக் கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்ப்பிஸ் வைரஸ் பிறந்த சில வாரக் குழந்தைக்கு உயிரையே பறிக்கிற நோயாக மாறக்கூடும், கக்குவான் இருமலும் கைக்குழந்தைகளைத்தான் அதிகம் பாதிக்கும். மற்றவர்கள் கை கழுவிவிட்டுத் தூக்கலாம், முத்தம் பாதத்தில். "டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்று பழியை டாக்டர் மேல் போடுங்கள், அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் தொட்டால் விருந்தை அப்படியே விட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

வந்து இறங்கும்போது குழந்தை கார் சீட்டிலேயே தூங்கிக்கொண்டிருக்கிறது. சீட்டோடு தூக்கி வந்து கூடத்தில் வைத்துவிடலாமா? அப்புறம், நான்கு நாளில் எட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார்கள்.

வைக்க வேண்டாம். எழுந்தாலும் பரவாயில்லை, வெளியே எடுத்து, கெட்டியான சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையணை, மெத்துமெத்தென்ற போர்வை எதுவும் பக்கத்தில் இல்லாமல். வாரைத் தளர்த்திவிட்டுச் சீட்டிலேயே தூங்க விடுவது இன்னும் ஆபத்து, குழந்தை சரிந்து வார் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். போகிற வீட்டில் குழந்தைக்குத் தனிப் படுக்கை இருக்காது, அவர்கள் அன்போடு மூன்று தலையணையை அடுக்கித் தருவார்கள். மடக்குகிற தொட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் தரையில் கெட்டியான விரிப்பு போதும்.

எட்டு வீட்டில் இரண்டைத் தேர்ந்தெடுங்கள், எழுந்து வர முடியாத முதியவர்கள் இருக்கிற இரண்டு. மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் நீங்கள் தங்கியிருக்கிற இடத்துக்கு வரட்டும், குழந்தை தூங்கி எழுகிற நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்த மறுநாளும், திரும்பக் கிளம்புவதற்கு முந்தைய நாளும் எந்த வீட்டுக்கும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.