பேக்கப்பை ஏற்றும் முன் கோப்பின் தலையையும் வாலையும் பாருங்கள்

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கடைக் கணக்கு மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் இருக்கிறது. போன மாதம் எடுத்த பேக்கப், 800 எம்பி, பென்டிரைவில் இருக்கிறது. பிரவுசரில் திறக்கும் பிஎச்பிமைஅட்மினில் ஏற்றினால் பாதியில் நின்றுவிடுகிறது. கட்டளை வரியில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) எப்படி மீட்பது? பழைய தரவுத்தளத்தில் சில அட்டவணைகள்தான் கெட்டுப்போயின; இந்த மாதப் பில்கள் நன்றாக இருக்கின்றன."

அந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னது நல்லதாயிற்று. பேக்கப் எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் கருவி எழுதும் கோப்பில், நாம் கேட்காமலே, ஒவ்வொரு அட்டவணைக்கும் முன்னால் 'ஏற்கெனவே இருந்தால் அழி' என்ற கட்டளை இருக்கும். பழையதன் மேலேயே ஏற்றினால் இந்த மாதப் பில்கள் போய்விடும். எனவே முதலில் அந்தப் பில் அட்டவணைகளை இன்றைய நிலையில் தனியாக ஒரு டம்ப் (அதாவது பேக்கப் கோப்பு) எடுத்து, வேறு டிரைவில் வையுங்கள்.

அப்புறம் வேறு பெயரில் வெறும் தரவுத்தளம் ஒன்றை தமிழைச் சரியாகச் சேமிக்கும் யூடிஎஃப்8எம்பி4 எழுத்துக்குறியீட்டில் உருவாக்குங்கள். ஆனால் அது மட்டும் காப்பாற்றாது. டம்ப் எடுத்தவர் 'டேட்டாபேசஸ்' என்ற தெரிவைச் சேர்த்திருந்தால், கோப்புக்குள்ளேயே பழைய பெயருடன், 'இந்தத் தரவுத்தளத்தில் எழுது' என்று சொல்லும் 'யூஸ்' வரி இருக்கும். நீங்கள் எந்தப் பெயரைக் கொடுத்தாலும் தரவு பழைய இடத்துக்கே போகும். 'மோர்' கட்டளையால் முதல் பக்கத்தைப் பாருங்கள். அந்த வரி இருந்தால் வேறொரு கணினியில் ஏற்றுவதே பாதுகாப்பு. கோப்பின் கடைசியையும் பாருங்கள்: வழக்கமாக 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று தேதியோடு ஒரு வரி இருக்கும். இல்லையென்றால் கோப்பு பாதியில் அறுந்திருக்கலாம். வேறு பிரதி தேடுங்கள்.

சரி, ஏற்றுவது சுலபம். விண்டோஸ் என்றால் பவர்ஷெல் என்ற கட்டளைத் திரை வேண்டாம், அது இடப்பக்க அம்புக்குறியை (<) ஏற்காது. பழைய கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, மைஎஸ்கியூஎல், எழுத்துக்குறியீட்டுத் தெரிவு, பயனர் பெயர், கடவுச்சொல் தெரிவு, புதிய தரவுத்தளப் பெயர், இடப்பக்க அம்புக்குறி, கோப்பின் பெயர் என்ற வரிசையில் அடியுங்கள். கடவுச்சொல்லைக் கொடுத்தபின் திரையில் எதுவும் வராது. வேலை நடக்கிறது, மூடிவிடாதீர்கள். பிழை வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். 'சேர்வர் ஹாஸ் கான் அவே' என்று வந்தால் பெரும்பாலும் மேக்ஸ் அலவ்ட் பாக்கெட் (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய தரவின் உச்ச அளவு) போதவில்லை. சேர்வரிலும் கட்டளையிலும் கூட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஏற்றுங்கள்.

முடிந்ததும் கடைசி பில் இலக்கத்தையும் தமிழில் பதிந்த வாடிக்கையாளர் பெயர்களையும் பாருங்கள். பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்தால் கோப்பைத் திறந்து பாருங்கள். கோப்பில் தமிழ் சரியாக இருந்தால் ஏற்றிய குறியீடுதான் தவறு, திரும்ப ஏற்றலாம். கோப்பிலேயே கேள்விக்குறி என்றால் அந்தப் பெயர்களைக் கையால்தான் பதிய வேண்டும். எல்லாம் சரியென்றால் இந்த மாதப் பில்களைப் புதியதில் சேர்த்துவிடுங்கள். மாதக் கணக்கு முடியும்வரை பழைய தரவுத்தளத்தை அழிக்க வேண்டாம்.