ஓலை வாசிக்க மறுக்கும் ஐயர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கைவிடப்பட்டவர்கள் மறுமணம் செய்வது பாவமில்லை என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். என் தங்கையின் கணவர் வேலைக்கென்று வெளிநாடு போய், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். பல வருடம் காத்திருந்துவிட்டு, குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கினோம். இப்போது மனைவியை இழந்த ஒருவர், எங்களைப் போலவே தென்னிந்தியத் திருச்சபையை (சி.எஸ்.ஐ.) சேர்ந்தவர்தான், பெண் கேட்டிருக்கிறார். எங்கள் சபைப் போதகரான ஐயர், ஆலயத்தில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க முடியாது என்கிறார். முதல் புருஷன் உயிரோடிருக்கையில் வேறொருவனைக் கட்டினால் விபசாரி என்று பைபிளில் ரோமர் 7ஐக் காட்டுகிறார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் சித்தப்பா இன்னும் கடுமை. ரோமன் கத்தோலிக்கத்துக்கு (ஆர்.சி.) மாறிவிட்டால் முதல் கல்யாணத்தையே ரத்து பண்ணிவிடுவார்கள் என்கிறார் அத்தை. இதெல்லாம் அந்தக் காலத்துச் சட்டம், இன்றைக்கு எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஓர் அண்ணன்,
திருநெல்வேலி மாவட்டம்

அன்புள்ள தம்பி,

உங்கள் தங்கை தாராளமாக மறுமணம் செய்யலாம். ஆனால் 'அந்தக் காலத்துச் சட்டம்' என்ற வாதத்தை ஐயரிடம் கொண்டுபோகாதீர்கள். வேதத்தைத் திறந்துவைத்துப் பேசுகிறவரிடம் அதே வேதத்தை வைத்துப் பேசலாம்.

மத்தேயு 19ல் பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினர் இயேசுவிடம் கேட்ட கேள்வியைப் பாருங்கள். புருஷன் தன் மனைவியை 'எந்த முகாந்தரத்தினாலாகிலும்' தள்ளிவிடலாமா என்பதுதான் கேள்வி. அன்றைக்கு இதில் ரபிகள் எனும் யூத மத ஆசிரியர்களுக்குள்ளேயே பெரிய சண்டை. ஒழுக்கக்கேடு இருந்தால்தான் தள்ளலாம் என்றது ஷம்மாய் பள்ளி. சமையலைக் கருக்கிவிட்டாலே போதும் என்றது ஹில்லேல் பள்ளி. பின்னால் வந்த அகிபா, இவளைவிட அழகான ஒருத்தியைக் கண்டுவிட்டாலும் சரி என்றார். மூன்றும் மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில் பதிவாகியிருக்கின்றன. தள்ளுதற்சீட்டை, அதாவது விவாகரத்துப் பத்திரத்தை, எழுதிக் கொடுக்கிறவன் ஆண். வாங்கிக்கொண்டு தெருவுக்கு வருகிறவள் பெண். அந்த ஆண்களைப் பார்த்துத்தான் இயேசு 'தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்காதிருக்கக்கடவன்' என்றார். அதே வசனத்தை, விட்டுப் போனவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வீட்டில் காத்துக் கிடந்தவள்மேல் பூட்டாகப் போடுவது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை.

ஐயர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாற்குவிலும் லூக்காவிலும் விதிவிலக்கே கிடையாது. தள்ளப்பட்டவளைக் கட்டுகிறவனும் விபசாரம் செய்கிறான் என்றே லூக்கா 16:18 முடிகிறது. வேசித்தனத்தின் நிமித்தமேயன்றி என்ற விலக்கு மத்தேயுவில் மட்டும்தான். அந்த விலக்கும் பிரிந்து வாழத்தானே தவிர மறுபடி கட்டிக்கொள்ள இல்லை என்று வாதிடுகிறவர்கள் இன்றும் உண்டு. சீர்திருத்தச் சபைகள் அதை ஏற்கவில்லை. 1646ல் முடிவான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, விபசாரத்தால் விவாகரத்தானால் குற்றமற்றவர் மறுமணம் செய்யலாம், குற்றம் செய்தவர் இறந்துபோனதுபோல வைத்துக்கொள்ளலாம் என்கிறது. சபையோ அரசோ சரிசெய்ய முடியாதபடி வேண்டுமென்றே கைவிட்டுப் போவதும் திருமணப் பந்தத்தை அறுக்கப் போதுமான காரணம் என்கிறது. 'உயிரோடிருக்கையில்' என்று ஐயர் சொல்வதற்கு நேர் பதில் இது. ரோமர் 7ல் அப்போஸ்தலன் பவுல் பேசுவது நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசேயின் சட்டத்தைப் பற்றி. கல்யாணம் அங்கே ஓர் உதாரணம். விவாகரத்துக்குச் சட்டம் எழுத அவர் அங்கே உட்காரவில்லை.

கைவிட்டுப் போவதைப் பற்றிப் பவுல் நேரடியாகப் பேசுவது 1 கொரிந்தியர் 7:15ல். அவிசுவாசி, அதாவது கிறிஸ்தவரல்லாத துணை, பிரிந்துபோனால் போகட்டும், சகோதரியானவள் 'அடிமைப்பட்டவளல்ல' என்கிறார். அது அவிசுவாசிக்குத்தானே, உங்கள் மைத்துனர் ஞானஸ்நானம் பெற்றவராயிற்றே என்பார் ஐயர். சரி, விடுங்கள். அவர் வேறு குடும்பம் வைத்திருப்பதால் மத்தேயு 19:9ல் உள்ள அந்த விலக்கு ஒன்றே உங்களுக்குப் போதும்.

சி.எஸ்.ஐ. 1947ல் உருவானபோது, வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையைப் பின்பற்றும் பிரெஸ்பிட்டேரியன் மரபும் அதில் கலந்ததுதான். ஆனால் உங்கள் ஊர்ப்பக்கம் இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் மரபு. மறுமண விஷயத்தில் அது ரொம்பக் காலம் இறுக்கமாகவே இருந்தது. முன்னாள் துணை உயிரோடிருந்தாலும், விதிவிலக்கான சூழலில் ஆலயத்தில் மறுமணம் நடத்தலாம் என்று இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச்சபை வழிவிட்டது 2002ல்தான். 2005ல் அப்போது இளவரசராக இருந்த சார்லஸ் - கமிலா கல்யாணம்கூட விண்ட்சர் நகர மன்றத்தில் பதிவுத் திருமணமாக நடந்து, அதற்கப்புறம் சிற்றாலயத்தில் ஆசீர்வாத ஆராதனை நடந்தது. உங்கள் ஐயர் எங்கிருந்து பேசுகிறார் என்று இப்போது புரியும்.

அத்தை சொல்வதைக் கேட்காதீர்கள். கத்தோலிக்கத் தீர்ப்பாயம் நல்ல கல்யாணத்தைக் கலைத்துத் தராது. கல்யாணம் நடந்த அன்று அது செல்லத்தக்கதாக இருந்ததா என்று மட்டுமே விசாரிக்கும். ஞானஸ்நானம் பெற்ற இரண்டு சி.எஸ்.ஐ.க்காரர்களின் கல்யாணத்தையும் செல்லும் என்று எடுத்துக்கொண்டுதான் விசாரணையே தொடங்கும். அப்படியே ரத்து கிடைத்தாலும் அதற்குச் சட்ட மதிப்பு இல்லை. உச்ச நீதிமன்றம் 1996லும் 2017லும் இதைச் சொல்லிவிட்டது. உங்கள் கையில் இருக்கும் தீர்ப்புதான் செல்லும். அதுகூட முன்பு சுலபமாகக் கிடைத்திருக்காது. கிறிஸ்தவர்களுக்கான 1869 இந்திய விவாகரத்துச் சட்டப்படி கணவனுக்கு மனைவியின் விபசாரம் ஒன்றே போதும். மனைவியோ விபசாரத்தோடு கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டது போன்ற ஒன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001 திருத்தத்தில்தான் அது சமமானது. இந்தப் பாரபட்சத்துக்கு எந்த வசனம் ஆதாரம் என்று சித்தப்பாவிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்!

உங்கள் கடிதத்தில் ஐயர் பேசுகிறார், சித்தப்பா பேசுகிறார், அத்தை பேசுகிறார். தங்கைக்கு இந்த இடத்தில் விருப்பமா என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அவளைத் தனியாகக் கேளுங்கள்.

அவள் சரி என்றால், மேல்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டதா என்று வக்கீலிடம் விசாரித்து, தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு பேராயருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். ஐயரிடம் சொல்லிவிட்டே கொடுங்கள். அவரைத் தாண்டிப் போனதாக இருக்க வேண்டாம். அங்கேயும் முடியாது என்றால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் 30 நாள் நோட்டீஸ் கொடுத்துப் பதிவு செய்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு ஜெபம் பண்ணும்படி ஐயரையே கூப்பிடுங்கள். ஓலை வாசிக்க மறுத்தவர் ஜெபத்துக்கும் வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டு கூப்பிடாமல் இருந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா