கருப்பு அன்னத்தின் ஜோடி நடனம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் சைகோவ்ஸ்கி இசையமைத்த ‘ஸ்வான் லேக்’ பாலேயின் கருப்பு அன்னக் காட்சி பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இளவரசன் காதலிக்கும் அன்னப் பெண் ஒடெட். அவளைப் போலவே தோன்றி அவனை ஏமாற்றுபவள் ஒடீல், அவளே கருப்பு அன்னம்.

கேள்வி: மூன்றாம் அங்கத்தில் ஒடீலும் இளவரசனும் ஆடும் ஜோடி நடனத்தின் இசையை, சைகோவ்ஸ்கியின் முழு இசைப்பதிவில் தேடினேன். மூன்றாம் அங்கத்தில் அது இல்லை, முதல் அங்கத்தில் இருக்கிறது. பதிவில் வரிசை மாறிவிட்டதா?

பதில்: பதிவு சரியாகத்தான் இருக்கிறது. வரிசை மாறியது மேடையில், அதுவும் சைகோவ்ஸ்கி மறைந்த பிறகு.

நீங்கள் கேட்டது முதல் அங்கத்தின் 5-ஆம் எண் பகுதி. இளவரசனின் பிறந்தநாள் கொண்டாட்டத்தில், வஞ்சகமோ மாயமோ எதுவும் தலைகாட்டாத இடத்துக்காக அவர் எழுதிய ‘பா டெ டூ’, அதாவது இருவர் ஆடும் நடனம். 1893-இல் சைகோவ்ஸ்கி காலமானார். பீட்டர்ஸ்பர்க் மாரின்ஸ்கி அரங்கில் 1895 ஜனவரியில் இந்த பாலே புதிதாக மேடையேறியபோது, நடன அமைப்பாளர் மாரியுஸ் பெட்டிபா அந்தப் பகுதியை மூன்றாம் அங்கத்துக்கு நகர்த்தி ஒடீலுக்குக் கொடுத்தார். இசையை வெட்டி ஒட்டி மேடைக்குப் பொருத்தியவர் அரங்கின் இசை நடத்துநர் ரிக்கார்தோ ட்ரிகோ.

5-ஆம் எண்ணில் நான்கு துண்டுகள் உண்டு. முதலாவதான வால்ஸ் (மூன்று தட்டுத் தாள நடன இசை), ஜோடி மேடைக்குள் வரும் பகுதியானது. இரண்டாவது, தனி வயலின் பாடும் மெதுவான பகுதி. இசைத்தட்டில் இதைக் கேட்டால், மெதுவான பகுதி முடிந்ததும் வயலின் திடீரென வேகமெடுத்து ஓடும். மேடையில் அந்த ஓட்டம் கிடையாது. ட்ரிகோ அதை நீக்கிவிட்டு, அடாஜியோ எனப்படும் அந்த மெதுவான பகுதிக்குப் புது முடிவு எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் தையல் எங்கே விழுந்திருக்கிறது என்று காதுக்கே தெரிந்துவிடும். மூன்றாவது துண்டான இன்னொரு வால்ஸ் ஆணின் தனி நடனத்துக்குப் போனது. நான்காவது, கோடா எனப்படும் வேகமான முடிவுப் பகுதி. ஒரு காலை வீசியபடி மற்றக் காலில் சுழலும் ஃபுவெத்தே சுழற்சிகள் இதில்தான் வரும்.

பெண்ணின் தனி நடனத்துக்கு இதில் இடமில்லாமல் போனது. அதற்கு ட்ரிகோ எடுத்துக்கொண்டது, சைகோவ்ஸ்கி 1893-இல் பியானோவுக்காக எழுதிய ஓபஸ் 72 தொகுப்பின் 12-ஆவது துண்டு. அதை ட்ரிகோவே வாத்தியக் குழுவுக்கு விரித்து எழுதினார். 1877-இல் ஸ்வான் லேக் முதன்முதலாக மேடையேறியபோது அந்த மெட்டு பிறக்கவே இல்லை. ஸ்வான் லேக்கின் முழு இசைப்பதிவில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

கேள்வி: அப்படியானால் 1877-இல் மூன்றாம் அங்கத்தில் என்னதான் ஆடினார்கள்?

பதில்: சைகோவ்ஸ்கி அந்த இடத்துக்கு எழுதியது ஆறு பேர் ஆடும் ‘பா டெ சீஸ்’. மாஸ்கோ பொல்ஷோய் அரங்கில் நடன அமைப்பு யூலியுஸ் ரைசிங்கருடையது. முதல் நாள் நாயகி கார்ப்பகோவா. நான்காவது நாள் நிகழ்ச்சியிலிருந்து அன்னா சொபெஷ்சான்ஸ்கயா அந்த வேடத்தை ஏற்றார். மூன்றாம் அங்கத்தில் ஜோடி நடனம் நுழைந்த கதை அவரிடம்தான் தொடங்குகிறது.

தனக்கு வாய்த்த நடனங்கள் அவருக்குத் திருப்தி தரவில்லை. பீட்டர்ஸ்பர்க் போய்ப் பெட்டிபாவிடம் புது ஜோடி நடனம் ஒன்றை அமைத்து வாங்கிவந்தார். அதன் இசை லுட்விக் மின்குஸ் எழுதியது. தன் பாலேக்குள் வேறொருவர் இசையா என்று சைகோவ்ஸ்கி மறுத்தார், நானே எழுதித் தருகிறேன் என்றார். சொபெஷ்சான்ஸ்கயாவோ பெட்டிபா அமைத்த அசைவுகளை மாற்ற மாட்டேன் என்றார். கடைசியில் சைகோவ்ஸ்கி மின்குஸின் இசையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தாளக் கட்டுக்குத் தாளக் கட்டு பொருந்தும்படி புது இசை எழுதினார். ஒரு அடியைக்கூட மாற்றாமல் அந்த அம்மையார் அதற்கு ஆடிவிட்டார். இசை பிடித்துப்போய், இன்னொரு தனி நடனமும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆனால் அந்த இசை அச்சான முழு இசை ஏட்டில் சேரவில்லை. 1895-இல் பெட்டிபாவும் ட்ரிகோவும் இந்தக் காட்சியை அமைத்தபோது அதைப் பயன்படுத்தவில்லை. 1953-இல்தான் பொல்ஷோய் ஆவணக் காப்பகத்திலிருந்து அது வெளிவந்தது. கிடைத்தது முழு வாத்தியக் குழுவுக்கான இசை ஏடு அல்ல, ஒத்திகைக்கு வாசிக்கும் வயலின் பிரதி. அதை வைத்து வாத்தியக் குழுவுக்கான இசையை அமைத்தவர் விஸ்ஸரியோன் ஷெபாலின்.

ஆக, ஒடீலின் காட்சிக்கென்று இசையமைப்பாளரே எழுதிய ஜோடி நடன இசை காப்பகத்தில் கிடந்தது. வேறொரு காட்சிக்கு எழுதியது உலகப் புகழ் பெற்றது. பெட்டிபாவின் தேர்வு மேடைக்கு நன்றாகப் பொருந்துகிறது என்பதே எங்கள் கருத்து. அந்தத் தனி வயலினில் உள்ள குழைவுதான் ஒடீலின் ஏமாற்றை நம்ப வைக்கிறது. அவள் கைகளைச் சிறகாக விரித்து ஒடெட்டைப் போல நடிக்கும் தருணங்களைக் கவனியுங்கள். வயலின் இறங்கும் இடங்களில் அவை வரும்போதுதான் இளவரசன் ஏமாறுவதற்கு நியாயம் கிடைக்கிறது.

கேள்வி: பேலன்ஷீனின் ‘சைகோவ்ஸ்கி பா டெ டூ’வும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. மேலே சொன்ன 1953 கண்டெடுப்புக்கு ஜார்ஜ் பேலன்ஷீன் புதிதாக அமைத்த நடனம் அது. 1960 மார்ச் 29 அன்று நியூயார்க் சிட்டி பாலேயில் வயலெட் வெர்டியும் கான்ராட் லட்லோவும் முதலில் ஆடினார்கள். அதில் கதையோ அன்னமோ கிடையாது. பெட்டிபா சொபெஷ்சான்ஸ்கயாவுக்கு அமைத்த அசைவுகளும் அதில் இல்லை.

கேள்வி: நிகழ்ச்சிக் குறிப்பில் ‘நடனம்: பெட்டிபா, இவானோவ்’ என்று இருக்கிறது. கருப்பு அன்னம் யாருடையது? அது உண்மையில் அன்றைய அசைவுதான் என்று எப்படித் தெரியும்?

பதில்: 1895 மேடையேற்றத்தில் அரண்மனைக் காட்சிகள் பெட்டிபாவுடையவை, ஏரிக்கரைக் காட்சிகள் லெவ் இவானோவுடையவை. எனவே கருப்பு அன்னம் பெட்டிபாவின் கணக்கில் வரும்.

அசைவுகளுக்கு ஆதாரம், விளாதிமிர் ஸ்டெபானோவ் 1892-இல் வெளியிட்ட குறியீட்டு முறை. இசைக் குறியீடு போலவே கோடுகள் மீது எழுதுவது. தலைக்கும் உடலுக்கும் 2 கோடு, கைகளுக்கு 3, கால்களுக்கு 4. மாரின்ஸ்கி நடனங்கள் இப்படி எழுதப்பட்ட ஏடுகளை, அந்த அரங்கில் மேடை நெறியாளராக இருந்த நிக்கோலாய் செர்கேயெவ் ரஷ்யாவிலிருந்து வெளியே கொண்டுவந்தார். 1934-இல் லண்டனில் விக்-வெல்ஸ் பாலே குழு ஸ்வான் லேக்கை ஆடியது அவற்றின் துணையோடுதான். இன்று அவை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளன. நடன அமைப்பாளர் அலெக்ஸி ரட்மன்ஸ்கி 2016-இல் சூரிக்கில் ஸ்வான் லேக்கை மீட்டமைத்ததும் அவற்றைப் படித்துத்தான்.

இந்த ஏடுகளை வாசிப்பவர் ஒரு சிக்கலைச் சந்திப்பார். பல இடங்களில் கால்கள் மட்டும் எழுதப்பட்டு, கைகளுக்கான கோடுகள் வெறுமையாக இருக்கும். ஆண்களின் தனி நடனங்கள் இன்னும் மோசம், பெரும்பாலும் எழுதப்படவே இல்லை. 1895 மேடையேற்றத்தின் இளவரசன் பாவெல் கெர்ட்டுக்கு அப்போது வயது 50. ஏரிக்கரைக் காட்சியில் நாயகியைத் தாங்கிப் பிடிக்கவே நண்பன் பென்னோவின் துணை வேண்டியிருந்தது. இன்று இளவரசன் பறந்து சுழலும் அந்தத் தனி நடனத்தைப் பார்த்து ‘இது பெட்டிபா’ என்று சொல்வது சரியல்ல. அது 20-ஆம் நூற்றாண்டு நடனக் கலைஞர்கள் சேர்த்துச் சேர்த்து வளர்த்தது.

கேள்வி: 32 ஃபுவெத்தே இந்த நடனத்துக்காகவே உருவானதா? நல்ல நடனமணிகள்கூட ஆடும்போது முன்னால் நகர்ந்து வந்துவிடுவது ஏன்?

பதில்: இதற்காக உருவானதல்ல. மிலானில் பயின்ற பியெரினா லென்யானி 1893-இல் மாரின்ஸ்கியின் ‘சிண்ட்ரெல்லா’விலேயே 32 சுழற்சிகளை ஆடிக் காட்டிவிட்டார். 1895-இல் ஒடெட், ஒடீல் இரண்டு வேடமும் அவருக்கே கிடைத்தபோது அந்தத் திறமையும் ஒடீலோடு சேர்ந்து வந்தது. ரஷ்ய நடனமணிகளில் முதலில் இதைக் கற்றுத் தேர்ந்தவர் மதில்டா க்ஷெசின்ஸ்கயா. இது கட்டாயமும் அல்ல. மாயா ப்ளிசெட்ஸ்கயா இதற்குப் பதிலாக மேடையைச் சுற்றி வட்டமாகச் சுழன்று வந்தார்.

நகர்வதற்கான காரணங்களைப் பார்ப்போம். ஒவ்வொரு சுற்றிலும் தாங்கும் கால் மடங்கி, குதிகால் முழுதாகத் தரையைத் தொட வேண்டும். அதே நேரம் மற்றக் கால் இடுப்பு உயரத்தில் முன்னே நீண்டு பக்கவாட்டுக்கு வீசப்படும். ரஷ்யப் பள்ளியில் நேராகப் பக்கவாட்டுக்கே போகும். பிறகு பாதம் முழங்காலுக்கு வர, உடல் விரல்நுனிக்கு ஏறிச் சுழலும். வீசும் கால் பக்கவாட்டைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால் இடுப்பு திரும்பி அச்சு சாயும். உடல் விழாமலிருக்க, அடுத்த முறை ஏறும்போது பாதம் சற்றுத் தள்ளி ஊன்றும். இந்தச் சிறு சறுக்கல்கள் கூடிக்கூடி, 32 முடியும்போது நடனமணி மேடை விளிம்புக்கு வந்துவிடுவார். களைப்பில் குதிகால் தரை தொடாமல் போவது இரண்டாவது காரணம். பெரும்பாலும் 20-ஐத் தாண்டிய பிறகு இதைப் பார்க்கலாம். கைகள் தோளுக்குப் பின்னால் திறப்பதும் தலை தாமதமாகத் திரும்புவதும் கேட்டைக் கூட்டும்.

இசை நடத்துநரின் வேகமும் முக்கியம். மெதுவாகப் போனால் விரல்நுனியில் அதிக நேரம் நிற்க வேண்டும், வேகமாகப் போனால் முழங்கால் மடங்க நேரம் இருக்காது. இந்த அங்கத்துக்கு முன் பலர் கெட்டியான புது பாயிண்ட் ஷூவுக்கு (விரல்நுனியில் நிற்க உதவும் காலணிக்கு) மாறிக்கொள்வதும் இதற்காகத்தான்.

கேள்வி: ஒடீல் தொடக்கம் முதலே கருப்பு உடைதானா?

பதில்: இல்லை. கருப்பு 20-ஆம் நூற்றாண்டில் நிலைத்த வழக்கம்.

கேள்வி: ‘லெ கோர்செய்ர்’ பாலேயின் ஜோடி நடனத்தின் மூலத்தை இதே போல் தேட விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: ‘இதை யார் அமைத்தார்’ என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். நுழைவு, அடாஜியோ, இரண்டு தனி நடனங்கள், கோடா என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இசை யாருடையது, அசைவு யாருடையது என்று தனித்தனியாக எழுதிவையுங்கள். பியானோ பிரதியோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். பாலேயின் முழு இசைப்பதிவில் இல்லாத துண்டு எதுவோ அதுதான் துப்பு.

உங்கள் உதாரணத்திலேயே பாருங்கள். பாரிஸில் 1856-இல் மேடையேறிய மூல பாலேக்கு இசை அதோல்ஃப் ஆதாம். ஜோடி நடனத்தின் அடாஜியோவோ ட்ரிகோவுடையது. அந்த நடனமே 1915-இல் சாமுயில் அந்திரியானோவ் அமைத்தது, அதுவும் மூன்று பேருக்காக. அந்த மூன்றாவது பாத்திரம் கைவிடப்பட்டதும் அது மேடைக் கச்சேரிகளில் இருவர் நடனமானது.

தேதிகளிலும் கவனம் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு ரஷ்ய நாள்காட்டி நம் இன்றைய நாள்காட்டியைவிட 12 நாள் பின்தங்கியது. 1895 ஸ்வான் லேக்குக்கு ஒரு நூலில் ஜனவரி 15 என்றும் இன்னொன்றில் ஜனவரி 27 என்றும் இருந்தால், இரண்டும் ஒரே மாலைதான். 1900 மார்ச்சிலிருந்து இந்த வித்தியாசம் 13 நாள்.