ஹால் 17-க்கு 11½ அடி: 9 அடி பூல் டேபிளுக்கு டாப்-அப் லோன் போடலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. கோவையில் சொந்த வீடு, இரண்டு பெட்ரூம். கைக்கு வரும் சம்பளம் 78,000. வீட்டுக் கடன் இ.எம்.ஐ. 24,500, இன்னும் 13 வருடம் பாக்கி. எஃப்.டி.யில் 3.2 லட்சம் இருக்கிறது. பையன் எட்டாவது, பெண் ஐந்தாவது. காலேஜ் நாளிலிருந்தே எனக்கு பூல் (பில்லியர்ட்ஸ் மாதிரி, டேபிளில் பந்தைக் கோலால் அடிக்கும் ஆட்டம்) என்றால் உயிர். இப்போதும் வாரம் இரண்டு நாள் கிளப்பில் ஆடுகிறேன், என் பங்கு வாரத்துக்கு 400 ரூபாய். வீட்டிலேயே முழு அளவு 9 அடி டேபிள் போட ஆசை, கொட்டேஷன் 2.6 லட்சம். ஹால் போதாது என்றால் மொட்டை மாடியில் 20-க்கு 15-ல் ஒரு ரூம் கட்ட 6 லட்சம் ஆகும் என்கிறார் மேஸ்திரி. மொத்தத்துக்கும் 9 சதவீதத்தில், இருக்கும் வீட்டுக் கடனுக்கு மேலேயே டாப்-அப் தர பேங்க் தயார். போடலாமா? இல்லை, ஹாலுக்கும் பக்கத்து ரூமுக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிடலாமா? 7 அடி டேபிள் 1.45 லட்சத்துக்குக் கிடைக்கிறது, அது பொம்மை மாதிரி இருக்குமோ என்று தயக்கம்.

பதில்: லோன் போடாதீர்கள், சுவரையும் தொடாதீர்கள். ஆனால் டேபிள் வாங்குங்கள். இருபது வருடமாக விடாமல் ஆடுகிற ஒரு ஆட்டத்துக்குச் செலவு செய்வதை நான் வீண்செலவு என்று சொல்ல மாட்டேன்.

முதலில் அளவு, ஏனென்றால் உங்கள் பணக் கணக்கு முழுவதும் அதில்தான் தொங்குகிறது. 9 அடி டேபிளில் பந்து ஓடும் பரப்பு 100-க்கு 50 இன்ச். க்யூ, அதாவது பந்தை அடிக்கும் கோல், வழக்கமாக 58 இன்ச். பந்து குஷனை (விளிம்பு ரப்பரை) ஒட்டி நின்றுவிட்டால் க்யூ முழுவதும் அந்தப் பரப்புக்கு வெளியே வரும், அதைக் கிட்டத்தட்ட படுக்கையாகப் பிடித்துத்தான் அடிக்க வேண்டும், அதனால் நான்கு பக்கமும் ஒரு க்யூ நீளம் காலியாக இருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் 18 அடிக்கு 13 அடி 10 இன்ச். உங்கள் ஹாலில் அகலத்தில் பக்கத்துக்கு 44 இன்ச்தான் மிஞ்சும், நீளத்தில் 52. எந்தப் பக்கம் நின்றாலும் க்யூ சுவரில் இடிக்கும். 8 அடி டேபிள் (88-க்கு 44) நீளத்தில் கச்சிதமாக உட்காரும், அகலத்தில் 47 இன்ச்தான் கிடைக்கும், 48 இன்ச் குட்டை க்யூவுக்குக்கூட ஒரு இன்ச் குறைவு.

7 அடி டேபிள் 78-க்கு 39. நீளத்தில் 63 இன்ச் கிடைக்கும், முழு க்யூவை நிம்மதியாக இழுத்து அடிக்கலாம். அகலத்தில் 49½. அந்தப் பக்கம் குஷனை ஒட்டி நிற்கும் பந்துகளுக்கு மட்டும் 48 இன்ச் குட்டை க்யூ ஒன்று வைத்துக்கொண்டால் போதும். அளவை நம்ப முடியவில்லை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்களை ஒட்டி 78-க்கு 39 அளவில் ஹாலில் விரித்து, 58 இன்ச்சுக்கு ஒரு குச்சி வெட்டிக்கொண்டு சுற்றி வந்து குனிந்து பாருங்கள். பீரோ, ஜன்னல் கதவு, ஷூ ஸ்டாண்டு எது எங்கே இடிக்கிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இப்போது மாடி ரூம். 20-க்கு 15-ல் 9 அடி டேபிள் தாராளமாக வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் 2.6 லட்சத்துக்கு டேபிள் வாங்குவதாக நினைக்கிறீர்கள், உண்மையில் வாங்கப்போவது அதைச் சுற்றி நடக்க 300 சதுர அடித் தரை. மொத்தம் 8.6 லட்சம், மீதி 13 வருடத்துக்கு 9 சதவீதம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 9,370. கட்டி முடிக்கும்போது 14.6 லட்சம் கொடுத்திருப்பீர்கள், அதில் வட்டி மட்டும் 6 லட்சம். பழைய இ.எம்.ஐ.யோடு சேர்த்தால் மாதம் 33,870, கைக்கு வரும் சம்பளத்தில் 43 சதவீதம். உங்கள் பையன் இன்னும் ஐந்தாவது வருடத்தில் காலேஜ் வாசலில் நிற்பான், மூன்று வருடம் கழித்துப் பெண் நிற்பாள், அப்போதும் டேபிள் ரூமுக்கு இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருக்கும். இந்த இடம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. கிளப்போடு ஒப்பிட்டாலும் சரியாக வரவில்லை, வாரம் 400 என்றால் வருடத்துக்கு 20,800, வட்டியை விட்டுவிட்டு 8.6 லட்சத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலும் இன்றைய ரேட்டில் 41 வருடம் ஆடலாம்.

மேஸ்திரி சொன்ன 6 லட்சத்தில் என்னென்ன சேர்த்தி என்று கேட்டீர்களா? வயரிங், ஏ.சி., தளத்துக்கு மேல் வெயில் காப்பு, மாநகராட்சி அனுமதி, அப்புறம் கூடப்போகும் சொத்து வரி. மாடி ரூமின் சூட்டிலும் மழைக்கால ஈரத்திலும் துணி தொய்யும், மரம் முறுக்கும். 9 அடி டேபிளில் துணிக்கு அடியில் இருக்கும் ஸ்லேட் கல் மூன்று துண்டாக வரும், ஒரு இன்ச் கனம் என்றால் ஒவ்வொன்றும் நூறு கிலோ பக்கம், அதை உங்கள் மாடிப்படித் திருப்பத்தில் ஆள் வைத்து ஏற்ற வேண்டும். டேபிளின் மொத்த எடை 400, 450 கிலோ வரும். அதைவிடப் பெரிய சுமை கீழே பீம் இல்லாத இடத்தில் எழுப்பும் புதுச் சுவர். இதை மேஸ்திரி சொல்லிக் கேட்காதீர்கள், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்க்கட்டும். நாளைக்குப் பெண்ணுக்குத் தனி ரூம் வேண்டும் என்று மேலே கட்டுவீர்கள் பாருங்கள், அது வேறு கணக்கு. அப்போது பாத்ரூமோடு கட்டுங்கள், அப்போது டாப்-அப்பைப் பற்றிப் பேசலாம். (கட்டுமானத்துக்கு வாங்கும் கடனின் வட்டிக்கு வருமான வரியின் பழைய முறையில் கழிவு உண்டு, புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. டேபிளுக்கு வாங்கும் பங்குக்கு எதிலுமே கிடையாது.)

சுவர் விஷயம் இரண்டே வரிதான். அது தளத்தைத் தாங்கும் சுவர் என்றால் இன்ஜினியர் பார்த்து பீம் போடாமல் எடுக்கவே முடியாது. தாங்காத சுவர் என்றாலும், இரண்டு பெட்ரூம் வீட்டில் வளரும் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கும்போது ஒரு பெட்ரூமை அழிப்பது, விற்கப் போகும் நாளில் வீட்டின் விலையையும் இறக்கும்.

சரி, 7 அடி பொம்மையா? இல்லை. ஸ்லேட் போட்ட 7 அடி டேபிளில் அதே 2¼ இன்ச் பந்துதான் உருளும், அமெரிக்காவில் பார்களில் நடக்கும் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான். இடம் சின்னதாக இருப்பதால் பந்துகள் நெருங்கி நிற்கும், கண்ட்ரோல் தானாக வளரும். நீண்ட ஷாட்டுக்குக் கை மறக்காமல் இருக்க மாதம் இரண்டு தடவை கிளப்பின் 9 அடியில் ஆடிக்கொள்ளுங்கள். மேலே பலகை போட்டு டைனிங் டேபிளாகவும் பயன்படுத்தும் மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது, இப்போது இருக்கும் டைனிங் டேபிளை எடுத்துவிட்டால் ஹாலில் அந்த இடம் திரும்பக் கிடைக்கும். இதை மட்டும் மனைவியிடம் முதலில் பேசிவிடுங்கள், ஹால் அவருடையதும்தான்.

பணம்? எஃப்.டி.யைத் தொடக் கூடாது. உங்கள் வீட்டுச் செலவும் இ.எம்.ஐ.யும் சேர்த்து மாதம் 60,000 என்று வைத்தால் அது ஐந்து மாதக் காப்புதான், அதுவே போதாது. மாதம் 9,370 இ.எம்.ஐ. கட்டத் தயாராக இருந்தீர்கள் அல்லவா, அதே தொகையை அடுத்த மாதம் முதல் ஆர்.டி.யில் போடுங்கள். 16 மாதத்தில் 1,49,920 ரூபாய், வட்டி தனி. டேபிள் உங்களுடையது, ஒரு பைசா கடன் இல்லை. நடுவில் இரண்டு மாதம் கட்ட முடியாமல் திணறினீர்கள் என்றால், 13 வருட இ.எம்.ஐ. உங்களை என்ன செய்திருக்கும் என்பதும் தெரிந்துவிடும். கடைக்காரர் 'வட்டியில்லா இ.எம்.ஐ.' என்று இழுப்பார், போகாதீர்கள், அந்த வட்டி விலையிலோ பிராசஸிங் கட்டணத்திலோ ஒளிந்திருக்கும்.

அந்த 16 மாதத்தில் செகண்ட் ஹேண்டிலும் ஒரு கண் வையுங்கள், இடம் மாறுகிறவர்கள் இறக்கி ஏற்றும் சிரமத்துக்கு அஞ்சியே விலையை நன்றாகக் குறைப்பார்கள். ஸ்லேட்டில் விரிசல் இருக்கிறதா, குஷன் ரப்பர் கட்டையாகிவிட்டதா என்று பார்த்து வாங்குங்கள், துணி கிழிந்திருந்தால் பரவாயில்லை, மாற்றிவிடலாம். புதிதோ பழையதோ, வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, ஃபிட்டர், லெவல் பார்ப்பது, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுதி வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.